சிங்கப்பூர் செம்பவாங் கடற்கரையில எங்க தாத்தா கேலோங் (கடல்ல கழி நட்டுக் கட்டுற மீன்பிடி அமைப்பு) வச்சிருந்தாரா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஈசூன்பேத்தி:

வணக்கம். இங்க ரெண்டு வருஷமா படிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

போன மாசம் அம்மாவை எங்களோட கூட்டிக்கிட்டு வந்துட்டோம். அவங்க இருந்த ஈசூன் மூவறை வீட்டைக் காலி பண்ணும்போது சாமி அலமாரிக்கு அடியில ஒரு பிஸ்கட் டின் கிடைச்சுது. உள்ள தாத்தாவோட பழைய காகித அடையாள அட்டை, ஒரு திருநீற்றுச் சம்புடம், நாலஞ்சு ரசீது. அதுங்களோட, வேட்டித் துணியில சுத்தி ஒரு மூங்கில் துண்டு. ஒரு சாண் நீளம் இருக்கும், ஆட்காட்டி விரல் அகலம். ஒரு பக்கம் கூர், அதுக்குக் கீழ நடுவுல குடைஞ்சு நாக்கு மாதிரி ஒண்ணு விட்டிருக்கு. மறுபக்கம் கவட்டையாப் பிளந்திருக்கு. அந்த நாக்குல பழுப்பு நூல் இன்னும் கொஞ்சம் சுத்தினபடியே இருக்கு. என் பையன் பார்த்துட்டு "முடியில குத்துறதா?"ன்னு கேட்டான்.

அம்மா கையில குடுத்தேன். அம்மாவுக்கு 82 வயசு, இப்ப காலையில சாப்பிட்டது மத்தியானம் ஞாபகம் இருக்கிறதில்ல. ஆனா அதை வாங்கின கை சும்மா இருக்கல. இடது கை விரல்ல எதையோ மாட்டிக்கிட்ட மாதிரி விரிச்சு, வலது கையால கீழயிருந்து உள்ள விட்டு, மேல ஒரு சுத்து, இழுத்து ஒரு இறுக்கு. நூலே இல்லாம, வெறும் காத்துல. அஞ்சாறு தடவை செஞ்சாங்க. அப்புறம் அதை மேசையில வச்சிட்டு டீ கேட்டாங்க.

அது வலை பின்னுற ஊசின்னு அப்புறம் இணையத்துல படம் பார்த்துத்தான் தெரிஞ்சுது.

எங்க அம்மாச்சி உயிரோட இருந்தப்ப அடிக்கடி சொல்லும், "உங்க தாத்தா கடல்ல கேலோங் வச்சிருந்தவரு, கூடை கூடையா மீன் வரும்"னு. மாமா அதைக் கேட்டா கோவப்படுவாரு. "அவரு பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துல, நேவல் பேஸ்ல, துரு சுரண்டுற வேலை பார்த்தவரு, தஞ்சாவூர்க்காரரு, அவருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்பாரு. தாத்தா 1936-ல நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி வந்தவரு. செயிண்ட் ஜான்ஸ் தீவுல கொரண்டைன்ல கிடந்த கதையை மட்டும் பத்துத் தடவை கேட்டிருக்கேன். 1938-ல அங்க கப்பல் பழுது பார்க்கிற பெரிய உலர்துறை திறந்தப்ப கூட்டத்துல நின்னு பார்த்தாராம். 1974-ல இறந்துட்டாரு.

என் கேள்வி இதுதான். நேவல் பேஸ் டாக்யார்டுல, அதாவது கப்பல் பட்டறையில, கூலி வேலை பார்த்த ஆளு செம்பவாங்குல கேலோங் வச்சிருந்திருக்க முடியுமா? அந்தக் கடலோரத்துல தமிழாளுங்க மீன்பிடிச்சிருக்காங்களா? அதோட, எங்க குடும்ப வாட்ஸ்அப்புல ஒருத்தர் "செம்பவாங்கிறதே செம்பவளம்கிற தமிழ்ப் பேருதான், அங்க முதல்ல குடியேறினவங்க நம்மாளுங்க"ன்னு போட்டிருக்காரு. அது உண்மையா?

பள்ளிக்கூட வேலைக்காகக் கேட்கல. எனக்கே தெரிஞ்சுக்கணும்.

—

உப்புக்காற்று:

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். செம்பவளமும் இல்லை, ஒன்றும் இல்லை. செம்பவாங் என்பது மலாயில் ஒரு மரத்தின் பெயர். செம்பவாங் பூங்காவில் இன்றும் அந்த மரம் நிற்கிறது, பெயர்ப்பலகையோடு. வாட்ஸ்அப்பில் இருப்பவரை ஒரு நாள் அங்கே அழைத்துப் போங்கள்.

கேலோங் பற்றி: உங்கள் மாமா பக்கம்தான் நானும். கேலோங் என்றால் கடலில் உட்கார்ந்து தூண்டில் போடும் குடிசை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஒரு பொறி. நீரோட்டத்துக்குக் குறுக்கே கழி கழியாக நட்டு நீண்ட வேலி கட்டுவார்கள். வேலியில் முட்டும் மீன் ஆழத்தைப் பார்த்துத் திரும்பும். திரும்பிய பக்கமெல்லாம் வேலி. அப்படியே அறை அறையாக உள்ளே போய்க் கடைசி அறையில் சிக்கும். அதன் அடியில் வலை. இருட்டில் விளக்கைத் தொங்கவிட்டு, மீன் கூடியதும் வலையை உருளையில் சுற்றி மேலே தூக்குவார்கள். நிலா வெளிச்சம் இருந்தால் விளக்குக்கு மதிப்பில்லை, அன்று வரும்படி குறைவு.

இதற்கு நூற்றுக்கணக்கில் நிபோங் மரக்கழி வேண்டும். கடற்புழு தின்னத் தின்ன மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உரிமம் வேண்டும். ஆள் சம்பளம் வேண்டும். மீன் தவுக்கேயிடம் (சீன முதலாளியிடம்) முன்பணம் வாங்காமல் இதைக் கட்டியவர்கள் குறைவு. தினக்கூலி வாங்கும் டாக்யார்ட் தொழிலாளி எப்படிக் கட்டுவார்? உங்கள் அம்மாச்சி கேலோங்கைப் பார்த்திருப்பார். மீன் வீட்டுக்கு வந்திருக்கும். இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்.

ஊசிக்கு என்னிடம் பதில் இல்லை.

—

பழைய டாக்யார்ட்:

அம்மா, நான் 1963-ல 17 வயசுல டாக்யார்டுக்குள்ள அப்ரெண்டிஸா போனவன். வெள்ளைக்காரன் இருந்த காலமும் தெரியும், 1968-ல நம்ம அரசாங்கம் எடுத்ததும் தெரியும், 1971-ல கொடி இறக்கினதும் தெரியும். உங்க தாத்தாவை எனக்குத் தெரியாது, அங்க ஆயிரக்கணக்குல ஆளுங்க. மலையாளிங்க ஒரு கூட்டம், நம்மாளுங்க ஒரு கூட்டம், சீனர், மலாய்க்காரர், எல்லாம் சைரன் ஊதினா ஒரே கேட்ல வெளிய வருவோம், சைக்கிள் மேல சைக்கிள்.

உப்புக்காற்று தம்பி சொன்னது கேலோங் வரைக்கும் சரி. ஆனா ஊசியை விட்டுட்டாரே. அதுலதான் விஷயமே இருக்கு.

நம்மாளுங்க லைன் வீடு டாக்யார்ட் பக்கம். கடற்கரை கம்பம், அதாவது கிராமம், மலாய்க்காரங்களுது. சாயங்காலம் வேலை முடிஞ்சு நம்மாளுங்க கொஞ்ச பேரு கம்பத்துக்குப் போவாங்க. கள்ளுக்குப் போறவன் ஒரு பக்கம் போவான், அது வேற கதை. இவங்க வலை தைக்கப் போவாங்க. கிழிஞ்ச வலையை மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிட்டிருக்கும். நான் கண்ணால பார்த்திருக்கேன், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒரு கிழவர், பக்கத்துல ஒரு பாக்சிக் (வயசான மலாய்க்காரர்), ரெண்டு பேரும் பேசுறதே இல்ல, கை மட்டும் போகும். கூலி காசு இல்ல. மீன்தான். நெத்திலி, செலார், சில நாள் நண்டு. "கூடை கூடையா மீன் வரும்"னு உங்க அம்மாச்சி சொன்னது அதுவாத்தான் இருக்கும்னு எனக்குப் படுது.

இப்ப நான் ஒண்ணு கேட்கிறேன், தப்பா நினைக்காதீங்க. வலை முடிச்சு ஒரு நாள்ல கத்துக்கிற வேலை இல்ல. வயல் வேலை பார்த்த கை அதைப் போடாது. சின்ன வயசுல அப்பன் பக்கத்துல உட்கார்ந்து கத்திருக்கணும். தஞ்சாவூர்ல எந்த ஊரு? அந்த அடையாள அட்டையில பிறந்த இடம் என்ன போட்டிருக்கு?

—

ஈசூன்பேத்தி:

ஐயா, உங்க கேள்வியைப் படிச்சிட்டு ராத்திரி தூக்கம் வரல.

அட்டையில "தஞ்சாவூர்"னுதான் இருக்கு. வேற ஊர் பேரு இல்ல. ஆனா நீங்க கேட்ட பிறகு ரெண்டு விஷயம் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

ஒண்ணு, அம்மாச்சி. விடியக்காலையில திடீர்னு காத்து கிளம்பி, மழை பக்கவாட்டுல அடிச்சு, ஒரு மணி நேரத்துல ஓஞ்சு போகும் பாருங்க, நாம சுமத்ரான்னு சொல்றது. அம்மாச்சி அதை "கச்சான் எழும்பிருச்சு, துணியை எடு"ன்னுதான் சொல்லும். கச்சான்னா ஏதோ திட்டுற வார்த்தைன்னு சின்னப் பிள்ளையில நினைச்சிருந்தேன். நேத்துத்தான் தேடினேன். நாகப்பட்டினக் கடலோரத்துல மேக்கே இருந்து வர்ற காத்துக்குக் கச்சான்னு பேரு. கிழக்கே இருந்து வந்தா கொண்டல், வடக்கே இருந்து வந்தா வாடை. சுமத்ரா வர்றதும் மேக்கே இருந்துதானே. நாற்பது வருஷம் இந்த ஊர்ல இருந்தும் அம்மாச்சி திசை மாத்திச் சொல்லல.

ரெண்டாவது, 2004 சுனாமி. வசந்தம் சென்ட்ரல்ல செய்தி ஓடிக்கிட்டு இருந்துச்சு. நாகப்பட்டினம் காட்டினாங்க, கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டைன்னு பேரு வாசிச்சாங்க. அம்மா கையில இருந்த வெங்காயத்தைக் கீழ வச்சிட்டு, "கீச்சாங்குப்பத்துல நம்ம ஆளுங்க இருக்காங்களே"ன்னு சொன்னாங்க. மாமா உடனே "சும்மா இருக்கா, அது யாரோ"ன்னு வெட்டிட்டாரு. அன்னைக்கு நான் அதைப் பெருசா எடுத்துக்கல. எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்த நேரம்.

இப்பத்தான் புரியுது, தஞ்சாவூர்னு சொன்னது பொய்யே இல்ல. நாகப்பட்டினம் 1991-ல தனி மாவட்டமாகிற வரைக்கும் தஞ்சாவூர் மாவட்டத்துலதான் இருந்திருக்கு. கேட்கிறவங்க பெரிய கோயில், நெல்லு, வயல்னு நினைச்சுக்குவாங்க. நாமளும் அப்படியே விட்டுட்டோம். குப்பத்துப் பேரைச் சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்னு தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கும். மாமாவுக்குப் பொண்ணு பார்க்கப் போனப்பவும் தஞ்சாவூர்தான் சொல்லியிருக்காங்க. மாமா ஏன் அவ்வளவு கோவப்படுவாருன்னு இப்ப எனக்கு லேசாப் பிடிபடுது.

—

கம்பத்துப்பிள்ளை:

ஈசூன் அக்கா, எங்க வாப்பா தமிழ் முஸ்லிம், உம்மா வழிப் பாட்டி மலாய். பாட்டி வீடு கம்பம் வாக் ஹசான்ல. 1998-ல கம்பத்தை எடுத்தப்ப எனக்கு 20 வயசு, சாமான் ஏத்தின லாரியில நானும் உட்கார்ந்து போனேன். இப்ப அங்க போனா கடல் சுவரும் புல்லும்தான். செம்பவாங் ரோட்டு முடிவுல நின்னு, இங்கதான் பாட்டி வீட்டுப் படிக்கட்டு, இங்கதான் கிணறுன்னு என் பிள்ளைகளுக்குக் காட்டினா, அதுங்க போனைத்தான் பார்க்குதுங்க.

அக்கா, அந்த ஊசியில இருக்கிற நூலைத் தயவுசெஞ்சு அவுத்துடாதீங்க. பழுப்புன்னு சொன்னீங்களே, அழுக்குப் பழுப்பா, காப்பிச் சக்கைப் பழுப்பா? விரல்ல எச்சில் தொட்டு லேசாத் தேய்ச்சுப் பாருங்க. நார் நாரா முறுக்குப் பிரிஞ்சா பருத்தி. வழவழன்னு இருந்தா நைலான். பாட்டி சொல்லும், நைலான் வர்றதுக்கு முன்னால பருத்தி வலை உப்புத் தண்ணியில சீக்கிரம் இத்துப்போகும். அதனால பக்காவ் மரப்பட்டையை, அதாவது சதுப்புநிலத்து மரப்பட்டையை, பெரிய அண்டாவுல போட்டுக் காய்ச்சி, அந்தச் சாயத்துல வலையை முக்கிக் காயப்போடுவாங்களாம். பட்டையில இருக்கிற துவர்ப்பு நூலைக் காப்பாத்தும். மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை செய்யணும். அந்தச் சாயம் கையில ஏறினா பல நாளைக்குப் போகாது. உங்க தாத்தா வேட்டியில கறை எதுவும் இருக்கா? சுத்தியிருந்த துணியைப் பாருங்க.

"முதல்ல குடியேறினது யாரு"ன்னு கேட்டிருந்தீங்க. எங்க பாட்டி ஆளுங்களும் இல்ல. நம்ம எல்லாருக்கும் முன்னால ஓராங் செலேத்தார்னு ஒரு கூட்டம் இந்த ஜொகூர் நீரிணையில இருந்துச்சு. வீடே படகுதான், மேல கஜாங் பாய்க் கூரை. புருஷன் பொண்டாட்டி பிள்ளை நாய் எல்லாம் அதுலயே. சதுப்புநிலத்து ஓடையில நண்டும் மீனும் பிடிச்சு, நீரோட்டம் போற பக்கம் போவாங்க. 1924-ல ஜொகூர் கடற்பாலம் திறந்து நீரிணையை ரெண்டாப் பிரிச்சுட்டாங்க. அப்புறம் கடற்படைத் தளம். செலேத்தார் ஆத்து வாயையும் 1986-ல அணை கட்டி நீர்த்தேக்கமாக்கிட்டாங்க. இப்ப அவங்க ஜொகூர்க் கரையில கிராமங்கள்ல இருக்காங்க, அந்தப் பக்கம் போனா அவங்க பிடிச்ச நண்டு சாப்பிடலாம். குடியேறினவங்கன்னு அவங்களைச் சொல்லவே முடியாது. வந்து இறங்கினவங்க மத்த நாமெல்லாம்.

—

உப்புக்காற்று:

ஊசியை விட்டுவிட்டது என் தவறுதான், ஐயா. ஒப்புக்கொள்கிறேன். கேலோங்கில் மட்டும் நான் இன்னும் அசையவில்லை.

கம்பத்துப்பிள்ளை சொன்னதோடு ஒன்று. தளத்துக்காக 1923-ல், அன்று சிங்கப்பூரை ஆண்ட நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் பிரிட்டிஷ் கடற்படைக்குச் சும்மா கொடுத்த நிலம் 2,845 ஏக்கர். அந்தக் கரை வெற்றிடமாகவா கிடந்திருக்கும்? தாத்தா வந்து இறங்கியபோதே அந்தக் கரையில் மிச்சம் இருந்தவர்கள் ஏற்கெனவே ஒரு முறை ஒதுங்கிக்கொண்டவர்கள்தான். வடக்கில் மீன் இறங்குவதும் இப்போது இல்லை. 1997-ல் திறந்த செனோக்கோ மீன்பிடித் துறைமுகத்தை 2024 மார்ச்சில் மூடி, எல்லாவற்றையும் ஜூரோங்கிற்கு மாற்றியாகிவிட்டது.

—

நூலகத்தோழி:

தேடுவதற்குச் சில வழி சொல்கிறேன். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979-லிருந்து பேட்டிகளைப் பதிவு செய்து வருகிறது. தமிழில் கொடுத்த பேட்டிகளும் உண்டு, பலவற்றை வீட்டிலிருந்தே கேட்கலாம். "நேவல் பேஸ்" என்று தேடுவதோடு நிறுத்தாமல் செம்பவாங், சோங் பாங், நீ சூன் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். பழைய நில வரைபடங்களும் அங்கேயே இருக்கின்றன. கரையோரக் கம்பங்களை ஒவ்வொரு பத்தாண்டிலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழைய தமிழ் முரசு இதழ்கள் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் உள்ளன.

இன்னொன்று, காகிதத்தைவிட இது முக்கியம். ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் முதலில் செம்பவாங்கில்தான் இருந்தது, கேன்பரா ரோடு பக்கம், மரத்தடியில். டாக்யார்ட் குடும்பங்கள் கும்பிட்ட சாமி. பங்குனி உத்திரத்துக்குப் பழைய நேவல் பேஸ் ஆட்கள் இன்றும் வருவார்கள். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்காருங்கள். 80 வயதைத் தாண்டியவர் யாராவது பக்கத்தில் இருப்பார்.

உங்கள் அம்மாவின் கையைக் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றே எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

—

ஈசூன்பேத்தி:

எல்லாருக்கும் நன்றி. மூணு வாரம் ஆச்சு, என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுறேன்.

நூல் பருத்திதான். எச்சில் தொட்டதும் முறுக்குப் பிரிஞ்சுது. சுத்தியிருந்த வேட்டியில ஒரு ஓரத்துல கை அகலத்துக்குச் செம்பழுப்புக் கறை. வெத்தலைக் கறைன்னு நினைச்சு ஊற வைக்க இருந்தேன், தம்பி நல்ல நேரத்துல சொன்னீங்க.

அம்மா பின்னுறதை எடுத்துட்டேன். தூண்டில் சாமான் விக்கிற கடையில நைலான் நூல் வாங்கி வேற ஒரு பிளாஸ்டிக் ஊசியில சுத்திக் குடுத்தேன். முதல்ல நூலைத் தடவிப் பார்த்துட்டு "இது வழுக்கும், முடிச்சு நிக்காது"ன்னாங்க. அப்புறம் நாற்காலிக் கைப்பிடியில கட்டி ஆரம்பிச்சாங்க. அளவுக்குப் பலகை எதுவும் கேட்கல, இடது கை ரெண்டு விரலைத்தான் கண்ணிக்குள்ள விட்டாங்க. ஒவ்வொரு கண்ணியும் ஒரே அளவு, ஸ்கேல் வச்சுப் பார்த்துட்டேன். "யாரும்மா சொல்லிக் குடுத்தது?"ன்னு கேட்டேன். "அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சப்புறம் நான்தான் போட்டுக் குடுப்பேன், அவரு கொண்டுபோயி குடுத்துட்டு மீன் வாங்கியாருவாரு. ஆம்பளை போட்டதுன்னு நினைச்சுக்குவாங்க"ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. 58 வயசு வரைக்கும் எனக்கு இது தெரியாது.

கேலோங் பத்திக் கேட்டேன். "நம்மளுதா? பைத்தியம். தவுக்கேயோடது. வலை கிழிஞ்சா அப்பாவைக் கூப்பிடுவாங்க." உப்புக்காற்று சார், நீங்க ஜெயிச்சீங்க.

மாமாவுக்கு வீடியோவை அனுப்பினேன். ரெண்டு நாள் நீல டிக் மட்டும். மூணாவது நாள் போன் பண்ணாரு. கீச்சாங்குப்பம் பத்தி ஒரு வார்த்தை இல்ல. "அந்த மூங்கில் ஊசியை எனக்கு ஒரு வாரம் குடுக்கிறியா"ன்னு மட்டும் கேட்டாரு. கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தேன். நூலை அவுக்கக் கூடாதுன்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன்.

வர்ற சனிக்கிழமை அம்மாவைச் செம்பவாங் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறேன், 882 பஸ்ல. பழைய டாக்யார்ட் ஐயா, காலையில எட்டு மணிக்கு வர முடியுமா? அம்மாவுக்குப் பருத்தி நூல்தான் வேணுமாம். யாருக்காவது கிடைக்கிற இடம் தெரிஞ்சா சொல்லுங்க, தேக்காவுல ரெண்டு கடை பார்த்துட்டேன், பூக்கட்டுற நூல்தான் இருக்கு.

—

பழைய டாக்யார்ட்:

வர்றேன் அம்மா. பூ நூல் வாங்கிடாதீங்க, அது தாங்காது. என்கிட்ட ஒரு உருண்டை இருக்கு, எடுத்துட்டு வர்றேன்.